தைராய்டு, விட்டமின் ரிப்போர்ட் கையில வந்தா எத மொதல்ல பாக்கணும், எதுக்கு பயப்படணும், எதுக்கு வேணாம்

காலையில ரத்தம் குடுத்துட்டு வந்தா மதியத்துக்குள்ள வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்து விழுந்துடுது. தொறந்ததும் கண்ணு நேரா போறது தடிப்பா போட்ட நம்பருக்கும், பக்கத்துல இருக்கற ஹெச், எல் எழுத்துக்கும் தான். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டா ஆரணி சித்தி ஒன்னு சொல்லும், குடியாத்தத்து மாமா இன்னொன்னு சொல்லுவாரு, பொழுது சாயறதுக்குள்ள ஆளுக்கு தைராய்டு வந்துடுச்சின்னு முடிவே பண்ணி முட்டைகோஸ வீட்டுக்குள்ள வராம பண்ணிடுவாங்க.

நான் காட்பாடி பக்கம் ஒரு லேப்ல ரத்தம் எடுக்கற வேலையில இருக்கேன். டாக்டர் இல்ல, அதனால எந்த மாத்திரை எவ்ளோன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரிப்போர்ட்ட வாங்கிகினு கவுண்டர்லயே நின்னு "இன்னாபா இது, எல்லாம் மேல மேல கீதே"ன்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்லுவேனோ அத தான் எழுதறேன். விஷயம் ஒன்னே ஒன்னு தான், ஒத்த நம்பர வெச்சிகினு எதயும் முடிவு பண்ண முடியாது. அது எந்த யூனிட்டு, எப்ப எடுத்த ரத்தம், அதுக்கு முன்னாடி என்ன மாத்திரை உள்ள போச்சு, அதுக்கு ஜோடியா இருக்கற நம்பர் என்ன சொல்லுது, இதெல்லாம் சேத்து வெச்சி தான் படிக்கணும்.

மொதல்ல ரேஞ்சு, யூனிட்டு

நார்மல் ரேஞ்சுன்னு ஒரு கோடு போட்டிருக்காங்களே, அத எப்படி போடறாங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பெரும்பாலான டெஸ்டுக்கு, நல்லா இருக்கற ஆளுங்க நெறைய பேரோட ரத்தத்த எடுத்து, அதுல நடுவுல வர 95 சதவீதம் பேரோட நம்பர தான் ரேஞ்சுன்னு வெப்பாங்க. அப்ப நல்லா இருக்கற ஆளுங்களயே 100 பேருக்கு 5 பேர் கோட்டுக்கு வெளிய நிப்பாங்க. இப்ப ஃபுல் பாடி செக்கப்னு 60 டெஸ்டு, 80 டெஸ்டு பேக்கேஜ் போடறாங்க இல்ல, ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத 20 டெஸ்டு எடுத்தாலே ஒரு கொறையும் இல்லாத ஆளுக்கு எதாவது ஒன்னு கோட்ட தாண்டறதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு, கணக்கு போட்டு பாருங்க. அதனால கோட்ட லேசா உரசிகினு நிக்கற நம்பருக்கு தூக்கம் கெட வேணாம். விட்டமினுக்கு மட்டும் இந்த கதை இல்ல, அதுக்கு எந்த அளவுக்கு கீழ போனா உடம்புக்கு கெடுதல் வருதுன்னு பாத்து கோடு போடுவாங்க, அது பின்னாடி வரும்.

யூனிட்டு தான் நெறைய பேர கவுக்கறது. தைராய்டு சுரக்கற ஹார்மோன் டி3, டி4ன்னு ரெண்டு, அதுல டி3 ஒரு லேப்ல 1.2ன்னு வரும், இன்னொரு லேப்ல 120ன்னு வரும், ரெண்டும் ஒன்னே தான், ஒன்னு நானோகிராம் பெர் எம்எல், இன்னொன்னு நானோகிராம் பெர் டெசிலிட்டர். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கல்ஃப்ல இருப்பாங்க, அங்க எடுத்த ரிப்போர்ட்டுல விட்டமின் டி பல நேரம் நானோமோல்ல வரும். அங்க 50ன்னு இருந்தது இங்க வந்து எடுத்தா 20ன்னு வரும், "ஊருக்கு வந்து எறங்கிடுச்சி"ன்னு ஒரே புலம்பல். ஒன்னும் எறங்கல, நானோமோல 2.5ஆல வகுத்தா நம்ம ஊர் நானோகிராம் கணக்கு வந்துடும். பி12ம் அப்படித்தான், நம்ம 200 பிகோகிராம் அங்க சுமார் 148 பிகோமோல். தைராய்ட வேல வாங்கற ஹார்மோன் டிஎஸ்ஹெச்சுல மட்டும் இந்த தொல்லை கெடையாது, மைக்ரோ ஐயூ பெர் எம்எல்னு போட்டாலும் மில்லி ஐயூ பெர் லிட்டர்னு போட்டாலும் நம்பர் மாறாது.

லேப் மாத்தி மாத்தி எடுக்காதீங்க. ஒரே ரத்தத்த ரெண்டு கம்பெனி மெஷின்ல ஓட்டினாலே நம்பர் கொஞ்சம் வித்தியாசப்படும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கற தெருவுங்கள்ல பெங்காலி, இந்தி, தமிழ்னு எல்லா பாஷையிலயும் போர்டு வெச்சி லேப் இருக்கு, ஆஃபர பாத்து இந்த தடவ இங்க அடுத்த தடவ அங்கன்னு போனீங்கன்னா மாறினது உடம்பா மெஷினான்னு யாராலயும் சொல்ல முடியாது. லேபோட தரத்த சோதிச்சி குடுக்கற என்ஏபிஎல் முத்திரை இருக்கற லேப் ஒன்ன புடிச்சிகினு அங்கயே போங்க.

டிஎஸ்ஹெச்ச எப்படி படிக்கறது

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனியில வேல பாத்தவங்களுக்கு இத சொன்னா டக்குன்னு புடிச்சிப்பாங்க. டிஎஸ்ஹெச் தைராய்டுல இருந்து வரதே இல்ல, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல இருக்கற பிட்யூட்டரியில இருந்து வருது. பிட்யூட்டரி சூப்பர்வைசர், தைராய்டு வேல செய்யற ஆளு, டி4 தான் வெளிய வர சரக்கு. சரக்கு கொறஞ்சா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு, டிஎஸ்ஹெச் ஏறும். சரக்கு குமிஞ்சி கெடந்தா வாய தொறக்க மாட்டாரு, டிஎஸ்ஹெச் எறங்கும். அதனால டிஎஸ்ஹெச் ஜாஸ்தின்னா தைராய்டு ஜாஸ்தின்னு நெனச்சிக்காதீங்க, தலகீழ். "எனக்கு தைராய்டு அதிகமா இருக்கு"ன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தைராய்டு கம்மி தான், அதிகமா இருக்கறது டிஎஸ்ஹெச்.

இந்த சூப்பர்வைசர் கொஞ்சம் ஓவர் ரியாக்‌ஷன் பார்ட்டி. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்துல எதோடயும் ஒட்டாம ஓடற டி4, பாதியா கொறஞ்சா டிஎஸ்ஹெச் ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 100 மடங்கு ஏறும். அதனால தான் டாக்டருங்க மொதல்ல டிஎஸ்ஹெச்ச பாக்கறாங்க, சரக்கு லேசா கொறஞ்சாலும் அது காட்டிக்குடுத்துடும். அதே காரணத்தால 4.6 போன தடவ 5.2 இந்த தடவன்னு ஒப்பிட்டு பாத்து வருத்தப்படறதுல பிரயோஜனம் இல்ல, ஒரே ஆளுக்கே ராத்திரியிலயும் விடியக்காலையிலயும் ஜாஸ்தியா இருக்கும், மத்தியானத்துக்கு மேல எறங்கும். போன தடவ காலையில 7 மணிக்கு எடுத்திருந்தா இந்த தடவயும் அதே நேரத்துக்கு வாங்க. ரிப்போர்ட் மேல கலெக்‌ஷன் டைம்னு ஒரு வரி இருக்கும், அத யாருமே பாக்கறதில்ல, பாருங்க.

பெரியவங்களுக்கு டிஎஸ்ஹெச் ரேஞ்சு சுமாரா 0.4ல இருந்து 4 வரைக்கும், லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். வயசானா இது தானா கொஞ்சம் மேல ஏறும், 75 வயசு தாத்தாவுக்கு 6ன்னு வந்தா அது அவரு வயசுக்கு சாதாரணமாவே இருக்கலாம்.

இப்ப ஜோடி சேத்து பாக்கலாம். டிஎஸ்ஹெச் மேல, ஃப்ரீ டி4 கீழன்னா தைராய்டு கம்மின்னு தெளிவா சொல்லுது, பெரும்பாலும் மாத்திரை தேவப்படும். டிஎஸ்ஹெச் மேல, ஆனா ஃப்ரீ டி4 நார்மல்னா அதுக்கு சப்கிளினிக்கல்னு பேரு, இங்க தான் அவசரமே படக் கூடாது. 10க்கு மேல போனா பெரும்பாலும் மாத்திரை ஆரம்பிப்பாங்க. 4ல இருந்து 10க்குள்ள இருந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சி திரும்ப எடுத்து பாப்பாங்க, கூட ஆன்ட்டி டிபிஓன்னு ஒரு டெஸ்டு சேத்துப்பாங்க, நெறைய பேருக்கு அந்த ரெண்டாவது தடவயிலயே நார்மலுக்கு வந்துடும். ஆன்ட்டி டிபிஓ பாசிட்டிவ்னா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்கிகினு இருக்குன்னு அர்த்தம், 1912ல ஹஷிமோட்டோன்னு ஒரு ஜப்பான் டாக்டர் எழுதினதால அந்த வியாதிக்கு அவரு பேரே வந்துடுச்சி. அது ஒரு தடவ பாசிட்டிவ் வந்துட்டா போதும், 600 இருந்தது 450 ஆச்சான்னு மாசாமாசம் காசு குடுத்து பாக்க வேணாம், அத வெச்சி யாரும் மாத்திரைய கூட்டறதும் இல்ல கொறைக்கறதும் இல்ல.

டிஎஸ்ஹெச் கீழ, டி4 இல்லன்னா டி3 மேலன்னா தைராய்டு ஜாஸ்தி. நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும், நல்லா சாப்ட்டும் எடை எறங்கும். ஆனா இதுலயும் எல்லாத்துக்கும் ஒரே மருந்து இல்ல, கொழந்த பொறந்த சில மாசத்துல சில பேருக்கு தைராய்டு வீங்கி உள்ள இருக்கற ஹார்மோன் மொத்தமா கொட்டிடும், அது தானா அடங்கிடும், அதுக்கு தைராய்டு சுரக்கறத கொறைக்கற கார்பிமசோல் மாத்திரை குடுத்தா வேலைக்கே ஆகாது. கார்பிமசோல் போடறவங்க யாராவது இத படிச்சா ஒன்னு ஞாபகம் வெச்சிக்கங்க, காய்ச்சலோ தொண்ட வலியோ வந்தா "சளி தான்"னு விடாம அன்னிக்கே டாக்டர பாத்து ரத்த அணுவ எண்ணற சிபிசி டெஸ்டு எடுக்கணும், அபூர்வமா வெள்ளை அணு மோசமா எறங்கிடும்.

இன்னொரு ஜோடி, பாக்கறதுக்கு சாதுவா இருக்கும், ஆனா கவனிக்கணும்: ஃப்ரீ டி4 கீழ, டிஎஸ்ஹெச் நார்மல் இல்லன்னா அதுவும் கீழ. சரக்கு கொறஞ்சும் சூப்பர்வைசர் சும்மா இருக்காருன்னா கோளாறு பிட்யூட்டரியில இருக்கலாம். டிஎஸ்ஹெச் மட்டும் எடுக்கற பேக்கேஜ்ல இது மாட்டவே மாட்டாது. அசதியும் தலவலியும் விடாம இருக்கு, பொம்பளைங்களா இருந்தா பீரியட்ஸும் நின்னு போச்சின்னா "டிஎஸ்ஹெச் நார்மல்"ங்கற ஒத்த வார்த்தைய கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க.

நாங்க லேப்ல பாத்ததுமே சிரிச்சிக்கற ஜோடி ஒன்னு இருக்கு. டிஎஸ்ஹெச் 18, ஆனா ஃப்ரீ டி4 நார்மல்ல மேல் கோட்ட தொட்டுகினு நிக்கும். மாத்திரைய ஒன்றர மாசமா மறந்துட்டு, டாக்டர்கிட்ட போகணுமேன்னு கடைசி நாலு நாள் ஒழுங்கா போட்டுகினு வந்தவங்க தான் பெரும்பாலும். டி4 கடைசி கொஞ்ச நாள் கதைய சொல்லும், டிஎஸ்ஹெச் போன ஆறு வாரத்து கதைய சொல்லும். டாக்டருக்கு இது பாத்ததும் தெரிஞ்சிடும், அதனால நீங்களே முன்னாடி சொல்லிடுங்க, இல்லன்னா டோஸ தேவையில்லாம ஏத்திடுவாங்க, அப்புறம் நீங்க ஒழுங்கா போட ஆரம்பிச்சா படபடப்பு வந்துடும்.

ரிப்போர்ட்டயே பொய் சொல்ல வெக்கற விஷயங்க

தலமுடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை, பயோட்டின் ஜெல்லி மிட்டாய்னு இப்ப காலேஜ் புள்ளைங்கள்ல இருந்து எல்லாரும் வாயில போட்டுகினு இருக்காங்க. அதுல 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம்னு இருக்கும், உடம்புக்கு ஒரு நாளைக்கு தேவப்படறது அதுல ஒரு துளி, 30 மைக்ரோகிராம் அளவு தான். பல மெஷினுங்க உள்ள பயோட்டின வெச்சி தான் டெஸ்டே பண்ணுது, ரத்தத்துல பயோட்டின் குமிஞ்சி கெடந்தா மெஷின் ஏமாந்து டிஎஸ்ஹெச்ச கொறைச்சும் ஃப்ரீ டி4, டி3ய ஏத்தியும் காட்டும். பாக்கறதுக்கு அச்சு அசல் தைராய்டு ஜாஸ்தி ரிப்போர்ட் மாதிரியே இருக்கும், ஆளு பாத்தா கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கும், ஒரு நடுக்கம் கெடையாது. டெஸ்டுக்கு கொறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடியே பயோட்டின நிறுத்திடுங்க. முடிக்குன்னு வாங்கற மல்டி விட்டமின் டப்பாவ திருப்பி பாருங்க, அதுலயும் ஒளிஞ்சிகினு இருக்கும்.

தைராய்டு மாத்திரை போடறவங்க ரத்தம் குடுக்கற அன்னிக்கு, குடுத்து முடிச்ச அப்புறம் மாத்திரைய போடுங்க, போட்டுட்டு வந்தா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 சும்மா ஏறி நிக்கும். வெறும் வயிறு தைராய்டுக்குன்னு தனியா கட்டாயமில்ல, பேக்கேஜ்ல சுகரும் கொழுப்பும் இருக்கறதால தான் சாப்டாம வர சொல்றோம்.

டெங்கு, நிமோனியான்னு அட்மிட் ஆகி இருக்கும்போதோ, இப்ப தான் தேறி வந்திருக்கும்போதோ தைராய்டு எடுக்காதீங்க, டாக்டரே சந்தேகப்பட்டு கேட்டா தவிர. உடம்பு பெரிய நோயில இருக்கும்போது டி3 தானா எறங்கும், டிஎஸ்ஹெச்சும் ஆடும். ஸ்டீராய்டு, இதயத்துக்கு குடுக்கற அமியோடரோன், மனநல மருந்து லித்தியம் இதெல்லாமும் நம்பர மாத்தும், பேர எழுதிகினு போங்க.

மாசமா இருக்கறவங்களுக்கு கதையே வேற. மொத மூணு மாசத்துல டிஎஸ்ஹெச் இயல்பாவே கீழ எறங்கும், மொத்த டி4 மேல ஏறும், சாதா ரேஞ்ச வெச்சி படிச்சா ரெண்டுமே தப்பா தெரியும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடறவங்க மாசமானது தெரிஞ்ச அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, பெரும்பாலும் டோஸ் கால் பங்குக்கு மேல ஏத்த வேண்டி வரும், அடுத்த செக்கப் வரைக்கும் காத்துகினு இருக்க வேணாம்.

மாத்திரை போட்டும் நம்பர் எறங்கலன்னா டோஸ சந்தேகப்படறதுக்கு முன்னாடி காலை நேரத்த பாருங்க. மாத்திரைய போட்டு அஞ்சு நிமிஷத்துல ஃபில்டர் காபி குடிச்சா மருந்து முழுசா உள்ள சேராது. வெறும் தண்ணியோட முழுங்கிட்டு அர மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வாய கட்டிகினு இருக்கணும். கால்சியம், அயர்ன் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. டப்பாவ ஜன்னல் மேலயும் டூ வீலர் டிக்கியிலயும் வெக்காதீங்க, நம்ம ஊரு சித்திர வெயில்ல மருந்து வீரியம் போயிடும்.

முட்டைகோஸ் விஷயம்: வேக வெச்சி சாப்டற அளவுல ஒன்னும் ஆகாது, பாவம் அத விட்டுடுங்க. உப்பும் அப்படித்தான். நம்ம நாட்டுல 1962லயே கழுத்து கழலைக்கு எதிரா திட்டம் ஆரம்பிச்சி உப்புல அயோடின் கலக்க வெச்சாங்க, ஒரு நாளைக்கு தேவப்படற 150 மைக்ரோகிராம் அயோடின் பாக்கெட் உப்புலயே கெடச்சிடும். ஹஷிமோட்டோவுக்கு உப்ப கூட போட்டா தைராய்டு கூடாது, பிபி தான் கூடும்.

சத்துவாச்சாரி அக்காவோட ரிப்போர்ட்

ஒரு அக்கா, 50க்கு கிட்ட, சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமா போடறாங்க, நெஞ்செரிச்சலுக்கு தெனம் காலையில பேன்டப்பிரசோல். பேக்கேஜ் எடுத்துட்டு ரிப்போர்ட்டோட வந்தாங்க, கூடவே மகளும். டிஎஸ்ஹெச் 6.9, ஃப்ரீ டி4 1.1, விட்டமின் டி 13, பி12 178, ஹீமோகுளோபின் 10.8, சிவப்பணுவோட சராசரி அளவ சொல்ற எம்சிவி 88. மகளுக்கு கண்ணுல பட்டது 6.9 மட்டும் தான். "அம்மா வெய்ட் போட்டதுக்கு இதான் காரணம்ணா"ன்னு சொல்லுது. அக்கா மெதுவா, "தம்பி, ராத்திரியில கால் ரெண்டும் மதமதன்னு கீது, செருப்பு நழுவினா கூட தெரிய மாட்டேங்குது"ன்னாங்க, அத மகள் கவனிக்கல.

டிஎஸ்ஹெச் 6.9, ஃப்ரீ டி4 நார்மல், இது மேல சொன்ன சப்கிளினிக்கல், திரும்ப எடுத்து பாக்க வேண்டிய நம்பர், அவ்ளோ தான். இந்த அளவு டிஎஸ்ஹெச் 10, 15 கிலோ ஏத்தாது. உண்மையிலயே அவசரம் அந்த 178. பி12 200க்கு கீழன்னா பத்தல, 200ல இருந்து 300 வரைக்கும் சந்தேக கேஸ், அதுல இருந்தா ஹோமோசிஸ்டீன் இல்லன்னா மெத்தில் மலோனிக் ஆசிட்னு இன்னொரு டெஸ்டு வெச்சி உறுதி பண்ணலாம். இந்த அக்காவுக்கு 178, கூட கால் மதமதப்பும் இருக்கு, நரம்பு அடி வாங்க ஆரம்பிச்சிடுச்சின்னு அர்த்தமா இருக்கலாம், நாள் தள்ளினா முழுசா திரும்பாமயே போயிடும். சுகராலயும் கால் இப்படி ஆகும், அதனாலயே பி12 பத்தலங்கறத எல்லாரும் சுகர் தலையில கட்டிட்டு விட்டுடறாங்க.

"வாரா வாரம் பிரியாணி சாப்டறாங்க, அவங்களுக்கு எப்படி பி12 கம்மியாகும்"னு மகள் கேட்டுச்சி. நியாயமான கேள்வி. கறி, மீன், கருவாடு, முட்ட, ஈரல், பால், தயிர்ல தான் பி12 இருக்கு, சைவம் சாப்டறவங்களுக்கு பால், தயிர விட்டா வேற வழி இல்ல. ஆனா உள்ள போனா மட்டும் பத்தாது, வயித்துல அமிலம் அத சாப்பாட்டுல இருந்து பிரிக்கணும், அப்புறம் சிறுகுடலோட கடைசி பாகத்துல உறிஞ்சணும். பேன்டப்பிரசோல், ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைங்க அமிலத்த கொறைக்குது, மெட்ஃபார்மின் உறிஞ்சறத கொறைக்குது. ரெண்டும் சேந்து வருஷக்கணக்குல போனா ஆம்பூர் பிரியாணியாலயும் ஒன்னும் பண்ண முடியாது. அதுக்காக மெட்ஃபார்மின நீங்களா நிறுத்திடாதீங்க, பி12 தனியா குடுத்து சரி பண்ணிடலாம்.

எம்சிவி 88ன்னு நார்மலா தான இருக்கு, பி12 கம்மின்னா ரத்த அணு பெருசாகி 100க்கு மேல போகுமேன்னு கொஞ்சம் படிச்சவங்க கேப்பாங்க. இரும்புச் சத்தும் கூடவே கம்மியா இருந்தா அது அணுவ சின்னதாக்கும், இது பெருசாக்கும், ரெண்டும் சேந்து சராசரி நடுவுல வந்து நிக்கும். ஹீமோகுளோபின் 10.8ன்னு வேற இருக்கறதால ஃபெர்ரிட்டினும் பாக்கறது நல்லது, அது 30க்கு கீழன்னா இரும்பு சேமிப்பு காலி ஆகுதுன்னு எடுத்துக்கலாம், காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது மட்டும் அது பொய்யா மேல காட்டும். இன்னொன்னு, ரத்தம் கம்மின்னு வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கி போட்டா ரத்தம் ஏறிடும், உள்ள பி12 பத்தாம நரம்பு கெட்டுகினே இருக்கும், அது தான் ஆபத்து.

அக்கா மறுநாளே டாக்டர பாத்தாங்க, பி12 ஊசி ஆரம்பிச்சாங்க. ஊசி போட்ட அடுத்த வாரம் "ஏறிச்சான்னு பாக்கலாம்"னு மகள் திரும்ப கூட்டிகினு வந்துச்சி, வேணாம்னு அனுப்பிட்டேன், ஊசிக்கு அப்புறம் எடுத்தா 1500, 2000னு தான் வரும், அது ஊசி ரத்தத்துல ஓடறத தான் காட்டுது. ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல, ஆனா பி12 எக்கச்சக்கமா இருக்குன்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க, கல்லீரல், கிட்னி, ரத்த கோளாறுல அப்படி வரும்.

விட்டமின் டி

இவ்ளோ வெயில் கொளுத்தற ஊர்ல எப்படி விட்டமின் டி கம்மியாகும்னு கேக்காத ஆளே இல்ல. வெயில் இருக்கு, நாம அதுல இல்ல. ஸ்கூட்டி ஓட்டற பொண்ணுங்க கண்ணு மட்டும் தெரியற மாதிரி துப்பட்டாவ சுத்தி கையில க்ளவுஸ் மாட்டிகினு போறாங்க, மத்தவங்க ஆஃபீஸ் உள்ள. கண்ணாடி ஜன்னல் வழியா வர வெயில்ல விட்டமின் டி உண்டாகாது. காலையில 6 மணி இளவெயில்ல கோட்டைய சுத்தி வாக்கிங் போறது இதயத்துக்கு நல்லது, விட்டமின் டிக்கு பெருசா பிரயோஜனமில்ல. நம்ம நெழல் நம்ம உயரத்த விட சின்னதா இருக்கற நேரத்து வெயில்ல தான் அது உண்டாகும். அதுக்குன்னு அக்னி நட்சத்திரத்துல 12 மணிக்கு மொட்ட மாடியில போய் நிக்காதீங்க, மயங்கி விழுந்தா அது வேற செலவு.

பாக்க வேண்டிய டெஸ்டு 25 ஹைட்ராக்சி விட்டமின் டி. நானோகிராம் கணக்குல 20க்கு கீழ பத்தல, 20ல இருந்து 30 வரைக்கும் கொஞ்சம் கம்மின்னு ரிப்போர்ட்ல அச்சடிச்சி வரும். ஆனா இந்த 30ங்கற கோட்ட பத்தி டாக்டருங்களுக்குள்ளயே சண்ட. அமெரிக்காவுல எண்டோகிரைன் சொசைட்டின்னு ஹார்மோன் டாக்டருங்க சங்கம் 2011ல 30 வேணும்னு சொல்லிச்சி, 2024ல அதே சங்கம் அந்த கோட்ட கைவிட்டுட்டு, நல்லா இருக்கற ஆளுங்களுக்கு சும்மா இந்த டெஸ்டே எடுக்க வேணாம்னு சொல்லிடுச்சி. அதனால உங்களுக்கு 24ன்னு வந்து பக்கத்துல எல்னு போட்டிருந்தா அதுக்காக மூஞ்சி வாட வேணாம். 13ன்னா சரி பண்ணணும் தான். எலும்பு வலி இருக்கு, படிக்கட்டு ஏற தொடையில தெம்பு இல்லன்னா கண்டிப்பா.

இங்க தான் ஒரு பெரிய தப்பு நடக்குது. 60,000 ஐயூ பாக்கெட்டோ கேப்சூலோ, வாரத்துக்கு ஒன்னு, பெரும்பாலும் 8 வாரம்னு எழுதி குடுப்பாங்க. அத தெனமும் ஒன்னுன்னு போட்டவங்க இருக்காங்க, 8 வாரம் முடிஞ்சும் "சத்து மாத்திரை தான"ன்னு மருந்துக்கடையில அதே சீட்ட காட்டி வருஷக்கணக்குல வாங்கி போடறவங்களும் இருக்காங்க. தண்ணியில கரையற விட்டமின்னா ஜாஸ்தியானது பெரும்பாலும் மூத்திரத்துல போயிடும், இது கொழுப்புல தங்கிடும். ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி மூத்திரம், கொழப்பம்னு வந்து கிட்னி வரைக்கும் போயிடும். ரிப்போர்ட்ல 100க்கு மேல இருந்தா மாத்திரைய நிறுத்திட்டு டாக்டர பாருங்க, 150க்கு மேலன்னா கால்சியமும், கிட்னிய காட்டற கிரியாட்டினினும் அன்னிக்கே எடுக்கணும். ஒழுங்கா போடறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம், கொஞ்சம் எண்ண நெய் இருக்கற சாப்பாடா பாத்து போடுங்க, நல்லா சேரும்.

அடுத்த டெஸ்டு எப்ப

தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சாலோ டோஸ் மாத்தினாலோ 6ல இருந்து 8 வாரம் கழிச்சி தான். டி4 ரத்தத்துல பாதியா கொறையவே 7 நாள் ஆகும், எல்லாம் ஒரு நெலைக்கு வந்து டிஎஸ்ஹெச் அடங்க அவ்ளோ நாள் புடிக்கும். ரெண்டு வாரத்துல வந்து எடுத்தா காசு தான் வேஸ்ட். மாசமா இருக்கறவங்களுக்கு மட்டும் சுமார் 4 வாரத்துக்கு ஒரு தடவ. நம்பர் நெலையா நின்னுட்டா ஆறு மாசம், அப்புறம் வருஷத்துக்கு ஒன்னு போதும். மாத்திரைய மட்டும் "நார்மல் வந்துடுச்சே"ன்னு நிறுத்திடாதீங்க, மாத்திரை போடறதால தான் நார்மல் வந்திருக்கு. விட்டமின் டிக்கு மூணு மாசம் கழிச்சி.

காத்துகினு இருக்கக் கூடாதது சிலது இருக்கு. கழுத்து வீங்கி மூச்சோ முழுங்கறதோ கஷ்டமாச்சின்னா, நெஞ்சு தாறுமாறா அடிச்சிகினு டிஎஸ்ஹெச் 0.1க்கு கீழ இருந்தா, டிஎஸ்ஹெச் ரொம்ப மேல இருந்து ஆளு குளிர்ந்து தூங்கிகினே கெடந்தா, பி12 கம்மியா இருந்து நடக்கும்போது தள்ளாடினா, அடுக்கம்பாறை ஜிஹெச்சோ சிஎம்சியோ உங்க டாக்டரோ எது கிட்டயோ அங்க போயிடுங்க. போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாத்தயும் தேதி வாரியா அடுக்கி எடுத்துகினு போங்க, மாத்திரை சீட்டு மட்டுமில்ல, அட்டையயும் டப்பாவயும் ஒரு பையில போட்டுகினு போங்க, நாட்டு மருந்து, முடி மாத்திரை, புரோட்டீன் பவுடர் உட்பட.

டிஎஸ்ஹெச் மட்டும் எடுத்து அது கோட்ட தாண்டி வந்திருந்தா, ஃப்ரீ டி4க்குன்னு திரும்ப கையில ஊசி குத்திக்க வேணாம். உங்க சாம்பிள் எங்க ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நாள் இருக்கும். ரிப்போர்ட் வந்த அன்னிக்கே லேபுக்கு போன் போட்டு, பில் நம்பர சொல்லி, "அதே ரத்தத்துல ஃப்ரீ டி4 சேத்து போட முடியுமா"ன்னு கேளுங்க. பெரும்பாலும் முடியும், அந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் காசு கட்டினா போதும்.